வயிறு போட்ட பழி

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது. ஓடுகிறது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். மழை பெய்தால்தான் ஓடும். மற்ற நாளில் கறுப்பாக, மேலே நுரை கட்டி, நின்றுகொண்டே இருக்கும். சொந்தபந்தத்தை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். ஒறம்பரை யாராவது வந்து உட்கார்ந்தால், ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள், "ஏனுங்க, அந்த ஜன்னலைச் சாத்திப்போடுங்களேன்" என்பார்கள். சாத்துவோம். அவர்கள் போனதும் திறந்துவிடுவோம். அங்கே ஒரு நாற்றம் இருப்பதே ஒறம்பரை வந்தால்தான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

அதனால் அருவருப்பு என்பது பழகும் வரைக்கும்தான் என்று நான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வாலிபத்தில் மில்லுக்கு வந்த புதிதில் என்னைக் கழிவுப் பஞ்சு குடோனில் போட்டார்கள். மழையில் நனைந்த மூட்டைகள் புழுங்கி, அதற்குள் எலி செத்து, மூட்டையைப் புரட்டினால் வருமே ஒரு வாடை, அது கண்ணில் தண்ணீர் வரவைக்கும். முதல் நாள் மதியம் தூக்குப்போசியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். என்னோடு வேலை செய்த ஒரு பெரியவர் சிரித்தார். "ஏப்பா, மூக்கு ஒரு பெரிய மனுசனா? ஒரு வாரம் கம்முனு இரு, அதுவே அடங்கிப்போகும்" என்றார். அடங்கித்தான் போனது. பிறகு அதே மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு தின்றேன்.

இன்னொரு வகை அருவருப்பும் எனக்குத் தெரியும். அது பழகினாலும் போகாது, ஏனென்றால் அது மூக்கில் இருப்பதில்லை. தாராபுரத்துப் பக்கம் நாங்கள் இருந்த ஊரில் என் அப்பா பண்ணையத்துக்குப் போனவர். டீக்கடையில் அவருக்குக் கொட்டாங்குச்சியில்தான் டீ. ஊற்றுகிறவர் சொம்பைத் தூக்கிப் பிடித்து, கொட்டாங்குச்சியில் பட்டுவிடாமல் ஊற்றுவார். அப்போது அவர் மேல் உதடு ஒரு பக்கமாக ஏறும். அப்பா குளித்துவிட்டுத்தான் போவார், கையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அதே டீக்கடைக்காரர், மாடு கன்று போட முடியாமல் நின்றபோது முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுக் கன்றை இழுத்தவர். இழுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். அந்த உதடு அன்றைக்கு ஏறவில்லை. யாரைப் பார்த்து ஏற வேண்டும் என்று அதற்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த உதட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

இந்த இரண்டும்தான் அருவருப்பு என்று இருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருப்பதை என் வீட்டுக்காரிக்குப் புத்துநோய் வந்தபோதுதான் பார்த்தேன்.

அவளுக்கு மார்பில் கட்டி. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டார்கள். பிறகு சில மாதத்துக்கு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். கீமோ. ஒரு முறை ஏற்றிவிட்டு, உடம்பு தேற விட்டு, மறுபடி ஏற்றுவார்கள். டாக்டர் நல்ல மனுசர், நின்று பேசுவார். "மருந்து கடுமையா இருக்கும்மா. ஆனா சாப்பாட்ட மட்டும் விட்டுடாதீங்க. எடை ரொம்ப கொறைஞ்சா மருந்த நிறுத்த வேண்டி வரும்" என்றார். என் தலைக்குள் அது ஒன்றுதான் ஏறியது. அவள் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் மருந்து இல்லை. மருந்து இல்லாவிட்டால், அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிரமமான காரியத்துக்கு யார் கிளம்பினாலும் அவர்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை ஆக்கிப்போட்டு, வயிறு நிறைய வைத்து அனுப்புவோம். நான் மில்லில் வேலை கேட்க வந்த அன்றைக்கு அப்படித்தான். எங்கள் பையன் பெரிய பரீட்சைக்குப் போனபோதும் அப்படித்தான். வயிறு சந்தோசமாக இருந்தால் போகிற காரியமும் நல்லபடியாக முடியும் என்று ஒரு நம்பிக்கை. பையன் இப்போது பெண்டாட்டி பிள்ளைகளோடு பெங்களூரில் இருக்கிறான், லீவு கிடைத்தால் வருவான். அதனால் ஒத்தாசைக்கு என் கொழுந்தியா, அதாவது வீட்டுக்காரியின் தங்கை, காரமடையிலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். தங்கமான பிள்ளை. கைப்பக்குவத்தில் அக்காவுக்கு ஒரு பிடி மேல்.

முதல் மருந்துக்குப் போன அன்று காலையில் அவள் அரிசிம்பருப்பு ஆக்கினாள். அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து, பூண்டு தட்டிப் போட்டு, இறக்கும்போது நெய் விடுகிற சாதம். என் வீட்டுக்காரிக்கு அதுதான் உசிர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, மழை பெய்தால் அரிசிம்பருப்பு, சண்டை போட்டால் அரிசிம்பருப்பு, சமாதானமானாலும் அதேதான்.

"அக்கா, இன்னொரு கரண்டி வெக்கட்டா?"

"போதுங்கண்ணு. பஸ்ஸுல கொமட்டிப்போடும்."

"கார்ல போறவளுக்கு பஸ்ஸு எங்கிருந்து வந்துச்சு? தின்னு. மாமா, நீங்க சொல்லுங்க."

"நாஞ் சொன்னா கேக்கறவளா உங்கக்கா?" என்றேன். "நெய்ய எச்சா ஊத்து, தன்னால உள்ள போகும்."

சிரித்துக்கொண்டே தின்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே தின்றேன்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தது. வாந்தி என்றால் என்ன என்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மஞ்சளாக, பருப்பு பருப்பாக, பூண்டு வாசத்தோடும் நெய் வாசத்தோடும் வந்தது. அந்த வாசத்துக்குக் கீழே இன்னொரு வாசம் இருந்தது. புது பிளாஸ்டிக் வாளியை வெயிலில் வைத்தால் வருமே, அது மாதிரி. மருந்தின் வாசம். நான்தான் துடைத்தேன். குடோனில் செத்த எலியைத் தூக்கிப் போட்ட கைதானே என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஈரத்துணியைப் பிழியும்போது எனக்கும் ஓங்கரித்தது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் நானும் வாந்தி எடுத்தேன்.

கொஞ்ச நாளில் தேறினாள். "பசிக்குதுங்க" என்று அவளே வாயைத் திறந்து கேட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குக் கோவில் மணி அடித்த மாதிரி இருந்தது. கொழுந்தியா ஓடிப்போய் மறுபடியும் அரிசிம்பருப்பு வைத்தாள். குக்கர் மூடியைத் திறந்தாள். அவ்வளவுதான். முன் ரூமில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"என்னத்தப் போட்டு ஆக்குனே? எலி செத்த நாத்தம் அடிக்குது!"

"அக்கா, அதே அரிசி, அதே பருப்பு, நீ சொன்ன மாதிரியே பூண்டு."

"அப்ப உங்கையிதான் சரியில்ல. கொண்டு போ அக்கட்ட!"

கொழுந்தியா அடுப்படியில் நின்று அழுதாள். நான் ஒரு கரண்டி வாங்கித் தின்று பார்த்தேன். அமிர்தமாக இருந்தது. கடைப் பருப்பில் ஏதாவது இருக்கும், வேறு கடையில் வாங்குவோம் என்று நானும் ஒரு அறிவாளி மாதிரி சொன்னேன்.

இரண்டாம் முறை போனபோது இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்தோம். அவள் அம்மா வீட்டுப் பழக்கம், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றித் தின்பாள். அன்றைக்கு அதுவும் திரும்பி வந்தது. அதோடு சந்தகையும் போயிற்று. தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டாலே முகம் சுண்டும். மூன்றாம் முறைக்கு முன்னால் ஊருக்கே சங்கதி தெரிந்துவிட்டது. பாவம், ஒன்றும் சாப்பிடுவதில்லையாம் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். கொள்ளுப்பருப்பு கடைந்து ஒருத்தி. ஒப்புட்டு என்கிற போளி சுட்டு ஒருத்தி. எல்லாம் அவளுக்குப் பிடித்தவை. பிடிக்கும் என்று தெரிந்துதான் கொண்டுவந்தார்கள். அவள் மருந்துக்குப் போகிற அன்றைக்குக் காலையில்தான் எல்லாரும் கொண்டுவந்தார்கள், ஏனென்றால் அதுதான் வழக்கம். அவளும் முகம் கோணாமல் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்றாள். சாயங்காலம் எல்லாம் போச்சு. அதற்குப் பிறகு கொள்ளு என்று சொன்னால் குமட்டும், ஒப்புட்டு என்றால் குமட்டும்.

அந்த நாட்களில் எனக்கு மனுசர்களையே பிடிக்காமல் போயிற்று. வருவார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அய்யோ, இப்படி எளைச்சுப் போயிட்டியே!" என்று ஒரு சத்தம். அவள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு இருக்கிறாள், இவர்கள் வந்து கண்ணாடியாக நிற்பார்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதே வியாதியில் யார் யார் செத்தார்கள் என்று சொல்வார்கள். என் பங்காளி ஒருத்தன் வந்தான். கொழுந்தியா டீ கொடுத்தாள். "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்" என்று டம்ளரைத் தரையில் வைத்துவிட்டான். வைத்த இடத்திலிருந்து காலையும் நகர்த்திக்கொண்டான். ஒட்டுகிற வியாதி இல்லை என்று ஆஸ்பத்திரியில் போர்டே வைத்திருக்கிறார்கள். எனக்கு அவன் உதடு தெரிந்தது. அந்த டீக்கடைக்காரர் உதடு. என் அப்பாவுக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்த எங்கள் ஆள், எங்கள் ரத்தம், அவன் முகத்தில் எப்படி அது வந்து ஒட்டியது?

"அந்த டீய எடுத்துக் குடிங்க மச்சான்" என்றாள் என் வீட்டுக்காரி, படுத்தபடியே. "எனக்கு மாருலதான் வந்துச்சு, டம்ளர்ல வரல."

அவன் சிரித்தான். குடிக்கவில்லை. அவன் போன பிறகு அந்த டீயைச் சாக்கடையில் ஊற்றினேன்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அடுத்து வந்ததைத்தான்.

ஒரு நாள் காலையில் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"நீங்க சித்த அக்கட்ட போங்க."

"மாத்திர போடோணுமல்ல புள்ள?"

"வெச்சுட்டுப் போங்க. அவ வந்து குடுப்பா."

சரி, தூக்கக் கலக்கம் என்று போனேன். மதியம் கிட்டே போய் உட்கார்ந்தேன். ஓங்கரித்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை, வெறும் எச்சில் வந்தது. எனக்கு முழங்காலில் தேய்க்கிற தைலம் ஒன்று உண்டு, கற்பூர வாடை அடிக்கும். அதுதான் என்று அதை நிறுத்தினேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, பரவாயில்லை. சோப்பை மாற்றினேன். பீடி எப்போதோ விட்டாயிற்று, இருந்தாலும் வாயை வேப்பங்குச்சி போட்டுத் தேய்த்தேன். துவைத்த அங்கராக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாசற்படியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னுமா?" என்றேன்.

அழுதுவிட்டாள். "உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. இத்தன வருசம் உங்க வேர்வையிலதானுங்க படுத்தேன். என்னமோ தெரியல, நீங்க கிட்ட வந்தா அந்த ஊசி ரூமு வந்துருது."

"நானென்ன சாக்கடையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய், அங்கே காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று, என் கையை, தோளை, கக்கத்தை எல்லாம் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரவர் நாற்றம் அவரவருக்குத் தெரியாதே. சாக்கடைக்குப் பக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா? அன்றைக்கு மூன்று தடவை குளித்தேன். கடைசித் தடவை தேங்காய் நார் போட்டுத் தேய்த்ததில் தோல் எரிந்தது. என் உடம்பு எனக்கே பிடிக்கவில்லை. பஸ்ஸில் யாரோ மிதித்துவிட்டுத் துடைக்காமல் போன சாணி மாதிரி என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடை பார்த்தார்கள். டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. "இந்தத் தடவ ஏத்தறேன். இன்னும் எறங்குனா அடுத்ததத் தள்ளி வெக்க வேண்டி வரும்" என்றார். அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். வழக்கமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு மருந்து இறங்கும் வரைக்கும் பக்கத்தில் உட்காருகிறவன் நான். அன்றைக்குக் கதவுக்கு வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

அந்த ரூமில் இருக்கிற நர்சம்மா வெளியே வந்தார். நடுவயது, பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு.

"ஏனுங்கய்யா, உள்ள வரலீங்களா? அம்மா தனியா இருக்கறாங்க."

"நான் வந்தா அவளுக்குக் கொமட்டுதுங்க."

சொல்லும்போது என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. நர்சம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டே, "காலைல என்ன சாப்ட்டுட்டு வந்தாங்க?" என்று கேட்டார்.

"பச்சப்பயறு கடைஞ்சது. அவளுக்குப் பிடிக்கும்."

"ஒவ்வொரு தடவையும் பிடிச்சதக் குடுத்துத்தான் கூட்டிட்டு வாறீங்களா?"

"பின்ன? இவ்வளவு பெரிய கஷ்டத்துக்குப் போறவளுக்கு வேறென்னத்தக் குடுக்கறதுங்க?"

"அங்கதானுங்கய்யா தப்பு நடக்குது" என்றார். "கொமட்ட வெக்கறது மருந்து. ஆனா வயித்துக்கு மருந்து தெரியாது. அது நரம்பு வழியா வருது, வாயி வழியா வரல. வயிறு என்ன பண்ணும்? கடைசியா உள்ள வந்தது எதுவோ அதுதான் வெசம்னு முடிவு பண்ணிரும். அதுக்கப்பறம் அத ஆயுசுக்கும் உள்ள விடாது. நம்மள காப்பாத்தறதாத்தான் நெனைக்குது. நாங்க இங்க நெறையப் பாக்கறோமுங்க."

"அப்ப பருப்பு மேல தப்பில்ல. எங்கொழுந்தியா கையி மேலயும் தப்பில்ல."

"ஒண்ணுமில்லீங்க. இனிமே மருந்துக்கு வார அன்னிக்குப் பிடிச்சது எதையும் கண்ணுலயே காட்டாதீங்க. பிடிக்காதது, போனாப் போகுதுங்கற மாதிரி ஏதாவது ஒண்ணு, நல்லா வாசன தூக்கலா குடுங்க. பழிய அது சுமக்கட்டும். மத்த நாள்ல ஆறிப்போனதாப் பாத்துக் குடுங்க, சூட்டுல வாசம் எச்சு."

நான் கதவுக்கு உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"ஆளுக்கும் அப்படித்தானுங்களா?"

நர்சம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரைக் கேன் மேல் வைத்தார். "ஊசி ரூம நெனச்சாலே, எங்க யூனிபாரத்தப் பாத்தாலே வாந்தி வர்றவங்க இருக்கறாங்க. வெளிய மார்க்கெட்ல என்னயப் பாத்து ஒரு அம்மா ஓங்கரிச்சிருக்கறாங்க. ஆனா வீட்டு ஆளுக்கு என்ன பண்றதுன்னு நான் எப்படிங்க சொல்றது? அத நீங்கதான் பாக்கோணும்."

வீட்டுக்கு வருகிற வழியில் கார் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். அருவருப்பு ஒரு நாய் மாதிரிதான். வீட்டைக் காக்கத்தான் கட்டி வைத்திருக்கிறது. ஒரு தடவை இருட்டில் அடிபட்டுவிட்டால், அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவன் வீட்டுக்காரனாக இருந்தாலும் பல்லைக் காட்டும். அதற்குப் புத்தி சொல்ல முடியாது. சோப்புப் போட்டுக் குளித்து வந்து நின்றால் அதற்குப் புரியாது. நான் பருப்பு மாதிரி ஆகிவிட்டேன். அவள் கஷ்டப்படுகிற ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, நானே போய் மாட்டிக்கொண்டேன்.

கொழுந்தியாவிடம் சொன்னேன். "இனிமே மருந்துக்கு நீ கூட்டிட்டுப் போ. நான் வரல."

"மாமா! ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு டீயே குடிக்கல. அது சொல்றத எதுக்குக் கேக்கறே? ஆனா ஒண்ணு. நீயும் கிட்ட உக்காராதே. நீ ஆக்கிப்போடறவ, உன்ன அவ வெறுத்துப்போட்டா நாம பட்டினி."

"அப்ப யாருதான் உக்காருவா?"

"நர்சம்மா உக்காருவாங்க. நீ கதவுக்கு வெளிய இரு."

வீட்டுக்காரியிடமும் சொல்ல வேண்டும். தூரத்தில், வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னேன். எதற்காக என்பதையும் சொன்னேன்.

"தனியாப் போயி படுத்துக்கோணுமா?" என்றாள்.

"ஆமாம் புள்ள."

"பயமா இருக்குமுங்க."

"தெரியும். ஆனா இத்தன நாளு நான் கிட்ட இருந்தும் பயம் போவல, என்னையும் சேத்துத்தான் பயந்துக்கிட்டே. மருந்து முடிஞ்சதுக்கப்பறம் நானும் நீயும் இந்த ஒரே ஊட்லதான் இருக்கோணும். அதுக்கு நான் மிச்சமிருக்கோணுமல்ல?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

அடுத்த முறை கிளம்புகிற அன்று காலையில் பேக்கரிக்குப் போய் பைனாப்பிள் கேக் வாங்கி வந்தேன். எசன்ஸ் வாடை மண்டைக்கு ஏறும், மேலே பச்சை கலரில் கிரீம். பேரப்பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வாங்கினாலே என் வீட்டுக்காரி தொடமாட்டாள்.

"இதையா திங்கச் சொல்றீங்க? நாயி கூட மோந்து பாக்காது."

"அதனாலதான் உனக்கு. தின்னு."

"ஒரு மனுசிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பற லச்சணமா இது? எங்கம்மா இருந்தா உங்கள உண்டு இல்லைன்னு பண்ணிருப்பா."

"உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். முழுங்கு."

மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு துண்டு முழுங்கினாள். முழுங்கிக்கொண்டே என்னைத் திட்டினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் திட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர்கள் போன பிறகு மிச்சக் கேக்கை நான் தின்று பார்த்தேன். நாய் கூட மோந்து பார்க்காது என்றது நிஜம்தான்.

எதிர்வீட்டில் பேசினார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்கள். "பொண்டாட்டி அங்க சாகக் கெடக்கறா, இவரு ஊட்ல உக்காந்து கேக்குத் திங்கறாரு." நான் ஜன்னலைச் சாத்தவில்லை. அந்த டீ குடிக்காத பங்காளி போன் போட்டு, "நீ செய்யறது நல்லால்ல" என்று புத்தி சொன்னான். "நீ செஞ்சது ரொம்ப நல்லாருந்துச்சு" என்று வைத்துவிட்டேன். பகல் முழுக்க அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவள் கையில் ஊசி ஏறுகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பிடிப்பதற்குக் கை இல்லாமல் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கும் வாந்திதான். பச்சை கிரீம் நிறத்தில், எசன்ஸ் வாடையோடு வந்தது. அவள் கண்ணசந்த பிறகு கொழுந்தியா துடைத்தாள், நான் வாளி மட்டும் நகர்த்தினேன். ஆனால் அந்தத் தடவை எங்கள் வீட்டுச் சாப்பாடு எதுவும் சாகவில்லை. கேக் மட்டும் செத்தது. பேக்கரி இருக்கிற தெருவில் இப்போதும் அவள் நடக்கமாட்டாள். நடக்காவிட்டால் யாருக்கு நஷ்டம்?

மற்ற நாட்களில் மிஞ்சியிருந்தவற்றைத் தேடினோம். பிடித்தது எல்லாம் போய்விட்டதால், அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாத, பிடிக்காது என்றும் சொல்ல முடியாத சாப்பாடுகள். ஆறின ராகிக் கூழில் உப்பும் மோரும். வெறும் ரொட்டி. தர்பூசணித் துண்டு. எந்தப் பாசமும் ஒட்டாத சாப்பாடு. ஒவ்வொரு வாயாக, ரயில்வே கேட்டில் நிற்கிற லாரி மாதிரி நின்று நின்று உள்ளே போயிற்று. எடை ஏறவில்லை. ஆனால் அதற்கு மேல் இறங்கவும் இல்லை. மருந்தை நிறுத்தாமல் கடைசி வரைக்கும் ஏற்றி முடித்தார்கள்.

முடிந்த பிறகும் நான் வாசற்படியிலேயே நின்றேன். உடனே சரியாகும் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை. தினமும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பேன், தொண்டை ஏறி இறங்கினால் பின்னால் வருவேன். அரிசிம்பருப்பு இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் ஆக்குவதில்லை. கல்யாண வீட்டில் பரிமாறினால் எழுந்து வெளியே போய்விடுகிறாள், திமிர் பிடித்தவள் என்று பேசுகிறார்கள். பேசட்டும்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம். கொழுந்தியா ஊருக்குப் போயிருந்தாள். என் வீட்டுக்காரி அவளே கூழைக் கரைத்து, ஒரு கிண்ணத்துக்குப் பதில் இரண்டு கிண்ணம் எடுத்தாள். டேபிள் ஃபேனைக் காலால் தள்ளித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.

"இக்கட்ட வாங்க. எதுத்தாப்புல உக்காருங்க."

"வேண்டாம் புள்ள. நீ நிம்மதியாத் தின்னு."

"காத்து எங்கிட்டிருந்து உங்க பக்கம் போகுது. உங்க வாசம் எனக்கு வராது. பேசாம வந்து உக்காருங்க, நின்னு நின்னு காலு என்னத்துக்காகும்?"

உட்கார்ந்தேன். தூரம் ஒரு பாய் அகலம். அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் குடித்தாள். தொண்டை ஏறியது, நின்றது, இறங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் வாய் குடித்தாள்.

காற்று அவள் மேல் பட்டு என் முகத்தில் அடித்தது. அந்தப் புது பிளாஸ்டிக் வாளி மாதிரி மருந்து வாசம் அவள் தோலிலிருந்து இன்னும் போகவில்லை. எனக்கு அடிவயிறு புரண்டது. மூச்சைப் பிடிக்காமல், கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன்.

"கூழு புளிச்சுப் போச்சுங்களா? மூஞ்சிய ஏன் அப்படி வெக்கறீங்க?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்குது, ஊத்து" என்றேன்.